காட்டோரத்து அத்தை

ருக்மணி அத்தை ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அஞ்செட்டிக்கு அப்பால் காட்டை ஒட்டியிருந்த தன் துண்டு நிலத்தில் தனியாகக் குடியேறியபோது, வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பத்து நாள்ல திரும்பி வந்துடும் பாரு" என்றார் பிரவீனாவின் அப்பா குருமூர்த்தி.

அத்தை வரவில்லை. கோடை போய் மழைக்காலமும் வந்துவிட்டது.

அங்கே போனில் டவர் கிடைக்காது. அத்தை காய்ச்சலில் சுருண்டு கிடந்த செய்தியே, அவர் தேறிய பிறகுதான் ஓசூருக்கு வந்தது. அதைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பக்கம் யானைக்கூட்டம் இறங்கியிருப்பதாக டிவியில் வேறு சொன்னார்கள்.

"போதும். நாளைக்கே போய்ச் சாமானோட கூட்டிட்டு வந்துடறேன்" என்று அப்பா ஒரு குட்டியானை சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்தார்.

"யானைக்குப் பயந்து குட்டியானையில போறோமாப்பா?" என்று கேட்டாள் பிரவீனா.

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அவளையும் ஏற்றிக்கொண்டார். விடிவதற்கு முன்பே கிளம்பினார்கள்.

ரோட்டிலிருந்து சரிவில் கொஞ்சம் மேலே ஏறினால் அத்தையின் வீடு. ஓர் அறை, ஓட்டுக் கூரை, பின்னால் கேழ்வரகுப் பயிர், அதற்கும் பின்னால் காடு. அத்தை கொஞ்சம் கறுத்திருந்தார். முகம் மட்டும் கழுவி வைத்த கண்ணாடி போலப் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, கிளம்பு" என்றார் அப்பா.

"எங்க?"

"நம்ம வீட்டுக்கு."

"நான் என் வீட்லதானே இருக்கேன்?"

அப்பா பேசிப் பயனில்லை என்று அண்டாவைத் தூக்கி, வாசலில் நின்ற வண்டியில் வைத்தார். அத்தை போய் அதை இறக்கிக்கொண்டு வந்தார். அப்பா பாயை ஏற்றினார். அத்தை இறக்கினார். அப்பா கோழிக்கூடையை ஏற்றினார். அதற்குள் அண்டா மறுபடி அடுப்பருகே போய் உட்கார்ந்திருந்தது. டிரைவர் யாருக்கு உதவுவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"உனக்குப் பிடிவாதம்!" என்று கத்தினார் அப்பா. "காய்ச்சல்ல கிடந்தியே, ஏதாவது ஆயிருந்தா யாருக்குத் தெரியும்?"

அத்தை கோழிக்கூடையை இறக்கி வைத்தார்.

"அது நிஜந்தான் குரு. அன்னிக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா இத்தனை வருஷம் மெஷின் சத்தத்துல, ஷிப்டு மணிக்கு எந்திரிச்சு ஓடினேன். இங்க நான் நினைக்கிறது எனக்கே கேக்குது. இதை விட்டுட்டு வர மாட்டேன்."

இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்று பிரவீனாவுக்குப் பட்டது. அதுதான் சிக்கலே.

"அப்பா, அத்தை நம்ம வீட்ல இருக்கணுமா, இல்ல நல்லா இருக்காங்கன்னு நமக்குத் தெரிஞ்சாப் போதுமா?"

அப்பா வண்டியில் சாய்ந்து நின்றார். "தெரிஞ்சாப் போதும்தான். எப்படித் தெரியும்? காக்கா வந்து சொல்லுமா?"

அப்போது கீழே வளைவில் காலைப் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிரவீனா ஒரே ஓட்டமாகச் சரிவில் இறங்கிக் கையைக் காட்டினாள். பஸ் நின்றது. கண்டக்டர் கிருஷ்ணப்பன் முதலில் கன்னடத்தில் கேட்டார், அவள் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஏறு பாப்பா, எங்க போவணும்?"

"எங்கயும் இல்லைங்க. ஒரு உதவி வேணும்." ரோட்டோரப் புங்கமரத்தைக் காட்டினாள். "தினமும் காலைல எங்க அத்தை இதுல சிவப்புத் துணி கட்டுவாங்க. பஸ் போனதும் அவுத்துடுவாங்க. என்னிக்காவது துணி இல்லைன்னா, நீங்க போய்ப் பார்த்துட்டு, டவர் கிடைக்கிற இடத்துல எங்கப்பாவுக்குப் போன் பண்ணணும்."

"துணி இருந்தா?"

"யாரும் தொந்தரவு பண்ண வேணாம்."

கிருஷ்ணப்பன் சிரித்தார். "இவ்வளவுதானா? நம்பர் சொல்லு கண்ணு."

பின்னாலேயே அப்பாவோடு இறங்கி வந்திருந்த அத்தை முகத்தைச் சுளித்தார். "ஷிப்டு மணியை விட்டு வந்தா இப்பப் பஸ் மணியா?"

"எனக்காக அத்தை. அப்பா சாப்பிடவே மாட்டேங்கறாரு."

அத்தை தம்பியைப் பார்த்தார். அப்பாவின் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"சரி" என்றார் அத்தை. "கட்டறேன்."

குட்டியானை காலியாகவே ஊர் திரும்பியது.

அதன் பிறகு தினமும் காலையில் அப்பா போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போன் அடிக்காது. தோசை மட்டும் ஆறிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"சார், மரத்துல துணி இல்ல" என்றார் கிருஷ்ணப்பன். அப்பா எழுந்து நின்றார். பிரவீனா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க சார், மேல ஏறிப் பார்த்துட்டேன். அக்கா கட்டின துணியைக் குரங்கு ஒண்ணு உருவித் தலைல முண்டாசு கட்டிக்கிட்டு, கூரை மேல உக்காந்திருந்துச்சு. அக்கா சிரிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு சார்!"

அப்பா போனை வைத்தார். பிறகு அவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

"பிரவீனா, அம்மாவைக் கல்லுல தோசை ஊத்தச் சொல்லு" என்றார். "சூடா, நாலு!"