அழுதால் மூக்கு ஏன் ஒழுகுகிறது?

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு தலைப்பை ஒருவர்தான் எடுக்கலாம். யார் முதலில் சொல்கிறார்களோ, அவர்கள் பெயருக்கு நேரே டீச்சர் பலகையில் எழுதிவிடுவார். எழுதினால் எழுதியதுதான்.

எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பதால் அந்த வகுப்பில் ஒருத்திக்குத் துருவி என்றே பெயர். வீட்டு ஃப்ரிட்ஜோடு மல்லுக்கட்டி ஒரு தலைப்பைத் தயாராக வைத்திருந்தாள். கதவை மூடியவுடன் மறுபடி திறந்தால், இழுக்க இழுக்க வராது. கொஞ்சம் பொறுத்தால் லேசாகத் திறந்துகொள்ளும். உள்ளே போன வெதுவெதுப்பான காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கிவிடும். அந்த நேரம் பார்த்து வெளிக்காற்று கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதுதான் விஷயம்.

முந்தின நாள்தான் தோழி ரெட்டைச்சடையைக் கூட்டிவந்து அந்தக் கதவை இழுக்க வைத்தாள். முதல் வகுப்பிலிருந்தே இருவரும் ஒரே பெஞ்சு.

"எப்படிடி இது?" என்றாள் ரெட்டைச்சடை.

"சொல்ல மாட்டேன். கண்காட்சியில வந்து பாரு."

இப்போது டீச்சர், "யாரு முதல்ல?" என்றதும் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"ஃப்ரிட்ஜ் கதவு ஏன் ஒட்டிக்குது, டீச்சர்," என்றாள் ரெட்டைச்சடை. "கதவுல காந்தம் இருக்கு. அதான்."

துருவி எழுந்து நின்றாள். "டீச்சர், அது என்னோடது."

"பலகையில ஏறிடுச்சும்மா. நீ நாளைக்கு வேற ஒண்ணு கொண்டு வா."

ரெட்டைச்சடை பென்சில் சீவுவதில் மும்முரமாக இருந்தாள். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

வீட்டுக்கு வந்ததும் துருவி நடந்ததை அக்காவிடம் கொட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அக்கா கதவைத் தட்டினாள்.

"உள்ள என்ன குடும்பமா நடத்துற? கண்காட்சிக்கு எரிமலை செஞ்சுட்டுப் போயேன்."

"அதையும் ஒருத்தன் எடுத்துட்டான்."

சொன்னதும் அழுகை இன்னும் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே மூக்கும் ஒழுகியது. துடைத்தாள். மறுபடி ஒழுகியது. துடைத்த கை அப்படியே நின்றது.

அழுதது கண். இடையில் மூக்குக்கு என்ன வந்தது?

கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடி முன் நின்று கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். மூக்கோரத்து முனையில், குண்டூசித் தலையைவிடச் சின்னதாய் ஒரு துளை.

கண்ணாடிக்குக் கீழே வாஷ் பேசின் இருந்தது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தாள். வந்த தண்ணீரெல்லாம் துளையில் இறங்கிப் போனது. முழுக்கத் திறந்தாள். துளை திணறியது, பேசின் நிரம்பி விளிம்பில் வழிந்தது. கண்ணும் இப்படித்தானோ? விளிம்பு தாண்டினால் கன்னத்தில் வழியும். சரி, துளையில் இறங்கியது எங்கே போகும்?

"அக்கா, எனக்குக் கண்ணு சிவந்தப்ப சொட்டு மருந்து விட்டியே, தொண்டையெல்லாம் கசந்துச்சுல்ல?"

"ஆமா. வாயில ஊத்திட்டேன்னு என்னோட சண்டைக்கு வந்தியே."

"நீ ஊத்தல. கண்ணுலேர்ந்து மூக்குக்கு ஒரு வழி இருக்கு. அது வழியா எறங்கி வந்திருக்கு."

"அப்ப மன்னிப்பு கேளு."

"மாட்டேன்," என்று தாழ்ப்பாளைத் திறந்தாள் துருவி.

மறுநாள் அவள் பழைய பெஞ்சில் உட்காரவில்லை. அதற்கு முன் பெஞ்சில் பையை வைத்தாள். பின்னாலிருந்து, "கோவமா?" என்று ரெட்டைச்சடை கேட்டதும், நோட்டை எடுத்து விரித்துக்கொண்டாள்.

தலைப்பைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். "இது எப்படித் தோணுச்சு உனக்கு?"

"நேத்து அழுதேன், டீச்சர்."

"ஏன் அழுத?"

சிரிப்பு நின்றது. பின்னால் பென்சில் சீவும் சத்தமும் நின்றது.

அந்தப் பெயர் துருவியின் நாக்கு நுனி வரை வந்தது. சொட்டு மருந்து போலவே கசந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அது இந்தத் தலைப்புல வராது, டீச்சர்."

டீச்சர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் பின் பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர் எங்கே கிளம்பி எந்த வழியாக வருகிறது என்று அந்த வகுப்பில் துருவிக்குத்தான் தெரியும்.

திரும்பிப் பார்க்காமல் கைக்குட்டையை மட்டும் பின்பக்கமாக நீட்டினாள்.

"காந்தம் இல்லடி," என்றாள். "காத்து."