தையல் மேசையின் வெள்ளைத் தூள்

காலை 7.10. தையல்காரர் வெட்டு மேசையின் மேல் சாய்ந்தபடியே இறந்து கிடந்தார். கதவைத் திறந்து முதலில் பார்த்தவள் மனைவி. ஊரைக் கூட்டியது அவருடைய அக்கா.

"இவதான் சார்! நேத்து முழுக்க வாந்தி. இவ கொடுத்த கஞ்சியத் தவிர வேற எதையும் அவன் தொடல!"

மேசையில் அரைகுறையாய் வெட்டிய சட்டைத் துணி, கத்தரிக்கோல், சாக்பீஸ் டப்பா. டப்பாவுக்குள் சாக்பீஸ் இல்லை. ஏதோ வெள்ளைத் தூள். ஏட்டின் கை விலங்குக்குப் போனது. இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. அவசரத்தில் ஒருமுறை சூடு பட்டவர் அவர்.

ஜன்னலோரம் ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி. ஐந்து காலி. மீதி இரண்டில் வழவழப்பான வெள்ளை மாத்திரைகள்.

"இது எதுக்கு?"

"சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி அவருக்கு வேலை செய்யல சார். ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றாள் மனைவி.

"யார் எடுத்து வைக்கிறது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை தவறாம. இவள நம்பி விடுவேனா?" என்றாள் அக்கா.

பகல் 12.40. தூள் வெறும் உப்பு என்று பரிசோதனைக் கூடம் சொன்னது. ஏட்டின் முகம் தொங்கிப்போனது. இன்ஸ்பெக்டர் டாக்டரை அழைத்தார்.

"இந்த நோயில உடம்புல உப்பு தங்காது. முதல்ல அள்ளி அள்ளித் தின்னார். மாத்திரை ஆரம்பிச்சதும் நின்னுடுச்சு. நடுவுல கோடு போட்ட வெள்ளை மாத்திரை. அது நின்னா வாந்தி வரும், உயிரே போகும்."

மாலை 4.00. இன்ஸ்பெக்டர் அக்காவின் எதிரே உட்கார்ந்தார்.

"மாத்திரை ஒழுங்கா போட்டிருக்கார். ஆனா உப்பு ஆசை திரும்ப வந்திருக்கு. பொண்டாட்டி பயப்படுவாளேன்னு டப்பாவுல ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்கார். அப்ப அவர் விழுங்கினது அந்த மாத்திரையே இல்ல. பெட்டியில இருக்கிறதுல கோடு இல்லம்மா. மாத்தினது நீங்க."



"ஸ்டீராய்டுன்னாங்க சார். அவன் முகமெல்லாம் ஊதிப்போச்சு. விஷத்தையா தினம் முழுங்கறான்னு பயந்து, ரெண்டு வாரமா சத்து மாத்திரை வெச்சேன். அவன் நல்லா இருக்கணும்னுதான்..." என்றாள் அக்கா.

வாசலில் நின்ற மனைவி மெல்லச் சொன்னாள்: "நேத்து வாந்திக்கு நடுவுலயும் அந்த மாத்திரையைப் போட்டார் அண்ணி. 'அக்கா எடுத்து வெச்சது, தப்பாது'ன்னார்."

ஏட்டு விலங்கை எடுத்தார். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். அக்கா தானே எழுந்து வண்டியை நோக்கி நடந்தாள்.