வழிப்போக்கர் பெண்

முதற்குடி விருந்து முடிந்து ஆர்டித் டாலிவரும் அவள் கணவன் வெண்டலும் வீடு திரும்பியபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. ஆர்டித்தின் சட்டையில் நீல ரிப்பன். டன்பெரி கவுண்டி என்கிற அந்த வட்டாரத்தில் முதன்முதலில் வந்து குடியேறியவர்களின் வாரிசுக் குடும்பங்களுக்கு மட்டும் கிடைக்கிற ரிப்பன் அது. அதைக் குத்திக்கொண்டவர்கள் ஜூன் மாத ஊர்வலத்தில் முதல் வண்டியில் உட்காரலாம், ஜெனீவா ப்ரௌட்ஃபுட்டுக்குப் பக்கத்தில். 'நீங்கல்லாம் அப்புறமா வந்தவங்கதானே' என்று பார்க்கிற இடத்திலெல்லாம் சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிறவள் ஜெனீவா. இன்று விருந்தில் பன்றிக்கறியை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவள் பட்ட பாட்டிலேயே ஆர்டித்துக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வண்டியை நிறுத்திய வெண்டல் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அந்த மேட்டுல கெடக்கற குழந்தை யாரோடதுன்னு உனக்கு நெஜமாவே தெரியுமா?"

"யாரோடதா இருந்தா என்ன? நம்ம நெலத்துலதான கெடக்கு."

"மேற்க போன வண்டிக்காரங்க பொதைச்சிட்டுப் போன பொண்ணுன்னு எங்கப்பா சொல்வாரு. கலப்பை அதுமேல படாம சுத்திதான் ஓட்டுவாரு."

"உங்கப்பா டிராக்டருக்குக் கூட கண்ணுபட்டிருக்குன்னு சொன்னவரு. எறங்கு."

வயலின் மூலையில், பழைய பாதையோரம், ஒரு சின்ன மேடு. கவுண்டி என்று ஒன்று ஏற்படுவதற்கு முன்பே அது இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. டாலிவர்கள் வந்ததோ நீதிமன்றம்கூடக் கட்டி முடித்த பிறகு. எத்தனையோ வருடம் வம்சாவளி தேடி அலுத்துப்போன ஆர்டித், போன குளிர்காலத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டாள். மேட்டில் கிடப்பது டாலிவர் குழந்தை என்றால் டாலிவர்கள்தானே முதலில் வந்தவர்கள்? குழந்தைக்குப் பேர் வேண்டும். தனக்குப் பிடித்த பேரையே வைத்தாள். குடும்பத்தின் மூத்த பாட்டனை அப்பாவாக்கி, 'லூசிண்டா, ஆசா டாலிவரின் அன்பு மகள்' என்று கல் வெட்டி நட்டாள். கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் காப்பி டப்பாவில் பியோனிப் பூ வைத்து, எல்லோர் முன்னாலும் கொஞ்சம் அழவும் செய்தாள். செத்த குழந்தைக்காக அழுகிறவளிடம் யார் ஆதாரம் கேட்பார்கள்?

கொல்லைப்புற வலைக்கதவு திறந்து கிடந்தது. ஒன்பது வயது மகள் டீனா சமையலறை மேஜையில் மூன்று பேருக்குப் பதில் நான்கு தட்டுகள் வைத்திருந்தாள்.

"யாருக்கு இது?"

"லூசிண்டாவுக்கு. கதவத் தட்டினா. பேரு கேட்டேன், சொன்னா. நம்ம சொந்தம்தானேன்னு உள்ள வரச் சொன்னேன்."

வெண்டல் சிரிக்கவில்லை. சமையலறையில் நனைந்த கம்பளி வாடை. அதற்கடியில் மாட்டுச்சாணமும் விறகுப்புகையும். டாலிவர் வீட்டில் மாடு இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. பட்டப்பகலில் மாடியில் யாரோ வெறுங்காலோடு நடந்தார்கள். அறைக்கு அறை, ஜன்னலுக்கு ஜன்னல். மேற்கே பார்த்த ஜன்னல் வந்ததும் நடை நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மேற்குக் கண்ணாடியை ஆர்டித் காலையில் துடைத்தால் மதியத்துக்குள் அதில் சின்ன மூக்கு அழுந்திய தடம் தெரியும்.

ஒருநாள் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஏப்ரன் நாடாவை யாரோ மெல்ல இழுத்தார்கள்.

"இரு டீனா, கை ஈரம்."

டீனா முற்றத்தில் ஊஞ்சலாடுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

"அம்மா" என்றது பின்னால் ஒரு குரல்.

ஆர்டித் திரும்பவில்லை. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது என்பதுதான் அவளை அதிகம் உலுக்கியது.

சாப்பாட்டின்போது டீனா ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னாள்: "அவளோட அம்மா தேடிட்டு வர்றாங்களாம். வண்டிச் சத்தம் கேக்குதுன்னு சொல்றா."

"வந்து?" என்றான் வெண்டல்.

"பொண்ணக் கூட்டிட்டுப் போகத்தான். ஆனா இவளுக்கு இங்க புடிச்சிருக்காம். போகமாட்டாளாம்."

டீனாவை வெளியே அனுப்பிவிட்டு வெண்டல் தாழ்ந்த குரலில் பேசினான். "கல்லைப் புடுங்கிடலாம் ஆர்டித். ரிப்பனைத் திருப்பிக் குடுத்துட்டு, பொய்யின்னு சொல்லிடு. நம்ம வீட்ல ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஊர்வலம் முடியட்டும். மறுநாளே சொல்லிடறேன்."

"ஜெனீவா முகத்துக்காகவா?"

ஆர்டித் தட்டுகளை எடுத்து அடுக்கினாள். ஆமாம், ஜெனீவா முகத்துக்காகத்தான்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் பிற்பகல். வெண்டல் டிராக்டருக்கு ஏதோ சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். காற்று சட்டென்று செத்துப்போயிற்று. வானம் பச்சையானது. அந்தப் பச்சை வந்தால் பின்னாலேயே சூறாவளி வரும் என்று அந்தப் பக்கத்துக் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. டவுன் பக்கமிருந்து புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆர்டித் வெளியே ஓடினாள். டீனா முற்றத்தில் குனிந்து இரண்டு கை நிறைய ஆலங்கட்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பாரும்மா, முட்டை சைசு!"

"போட்டுட்டு வாடி!"

பெண்ணின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புயலுக்கு ஒதுங்கும் நிலவறைக்குள் இறங்கினாள். தலைக்குமேல் சாய்வுக் கதவை இழுத்துச் சாத்தி, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

கும்மிருட்டு. உருளைக்கிழங்கு மண்வாசனை.

பிறகு, நனைந்த கம்பளி வாடை.

மேலே சூறாவளியின் இரைச்சல் வந்துவிட்டது. ஆர்டித் கையைத் துழாவினாள். வலது கைக்குள் ஒரு சின்னக் கை வந்து பற்றிக்கொண்டது. அவளுக்கு உயிர் வந்தது.

இடது கைக்குள்ளும் ஒன்று வந்து பற்றியது.

"டீனா!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அவள் கையை இறுக்கின.

கதவு தட்டப்பட்டது. காற்றில்லை, கைதான். அவசரப்படாமல், பக்கத்து வீட்டுக்காரி தட்டுவதைப் போலத் தட்டியது. அத்தனை இரைச்சலிலும் அந்தப் பெண்குரல் காதோடு பேசுவதாகக் கேட்டது.

"எம் பொண்ண உங்க பேருல வச்சிருக்கீங்களாமே."

ஆர்டித் இரண்டு கைகளையும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"எத்தனையோ தடவ வந்துட்டேன். மேட்டுல இல்ல. வீட்டுக்குப் போயிருக்கான்னாங்க. குடுத்துடுங்கம்மா. எங்களுக்கு ரொம்ப தூரம் போகணும்."

"உங்க பொண்ணுதான்" என்று அழுதாள் ஆர்டித். "நான் பொய் சொன்னேன். கூட்டிட்டுப் போயிடுங்க. எம் பொண்ண விட்டுடுங்க."

"அனுப்புங்க."

இடது கையில் இருந்த விரல்கள் சூடாக இருந்தன. வலது கையில் இருந்தவை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தன.

அவள் யோசிக்கவேயில்லை.

தாழ்ப்பாளைத் விலக்கினாள். கதவைக் காற்று பிடுங்கித் திறந்தது. சில்லிட்ட கை அவளை விடாமல் பிடித்தது, நகத்தால் கீறியது. ஆர்டித் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அதைப் படியேற்றி வெளியே தள்ளினாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வண்டிச்சக்கரம் கிரீச்சிட்டு நகர்ந்தது.

சூடான கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோதான் கண்ணு. போயிட்டாங்க."

இரைச்சல் அடங்கிக் கொஞ்ச நேரத்தில் வெண்டல் கதவைத் திறந்தான். வெளிச்சம் பாய்ந்தது.

"வீடு தப்பிச்சிடுச்சு. வாங்க மேல." அவன் குனிந்து பார்த்தான். "டீனா எங்க?"

"இதோ இருக்காளே."

அவள் கையை உயர்த்திக் காட்டினாள். ஐந்து சின்ன விரல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்திருப்பது தெரிந்தது, தோல் அழுந்தியிருப்பதும் தெரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

முற்றத்தில் ஆலங்கட்டிகள் உருகிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் ஆர்டித்துக்கு டீனாவின் கைக்கு அந்தக் குளிர் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. பெற்ற வயிறு பற்றியெரிய அவள் போட்ட அலறலை அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் இன்றும் சொல்வார்கள்.

டீனாவைக் காற்று கொண்டுபோய்விட்டது என்று ஷெரிஃப் முடிவு கட்டினார். ஊரே வயல் வயலாகத் தேடியது. ஆர்டித் எல்லோர் முன்னாலும் உண்மையைக் கக்கினாள். ஜெனீவா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. வெண்டல் மட்டும் இளஞ்சோளத்தின் நடுவே மேற்கு நோக்கிப் போன சக்கரத் தடங்களைப் பிடித்துக்கொண்டு போனான். ஓடைக்கு அப்பால் தடம் இல்லை. ஆனாலும் அறுவடை வரை ஞாயிறுதோறும் இருவரும் பழைய பாதையோடு வண்டியில் போய் விசாரித்தார்கள்.

மேற்கே இரண்டு கவுண்டி தள்ளி, ஒரு பண்ணையின் ஓரத்தில், உழாமல் விட்ட ஒரு சின்ன மேடு இருந்தது. புல் மண்டி, பாதி அமிழ்ந்துபோன மேடு. ஆர்டித் வண்டியிலிருந்து இறங்கியதும் அங்கேயே நின்றுவிட்டாள். வேலியருகே இருந்த கிழவர் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு வந்தார்.

"அதுவா? வழிப்போக்கருங்க பொண்ணு. அந்தக் காலத்துல மேற்க போன வண்டிக்காரங்க பொதைச்சிட்டுப் போனது. எங்க தாத்தா இந்த நெலத்த வாங்கறப்பவே இருந்துச்சாம். நாங்க யாரும் அதத் தொடறதில்ல."

"பேரு தெரியாதா?" என்றான் வெண்டல்.

"கல்லு கில்லு எதுவும் இல்ல. ஆனா ஆலங்கட்டி மழை பேஞ்சா கொல்லக் கதவத் தட்டும். எங்க தாத்தா ஒருதரம் துணிஞ்சு தெறந்து, யாரு நீன்னு கேட்டாராம். டீனான்னு சொல்லுச்சாம். அம்மா வெளிய தள்ளிட்டாங்கன்னு சொல்லுச்சாம்."

வெண்டல் வேலியைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்தான்.

அது என் பொண்ணு என்று சொல்ல ஆர்டித் வாயெடுத்தாள். இடது கைக்குள் இருந்த சூடான விரல்கள் மெல்ல இறுகின. இன்னும் இறுகின. எலும்பு நெரியும் அளவுக்கு இறுகியும் அவை விடவில்லை.