மித்ரன் கோவிலை மண்ணால் அடைத்த பிறகு

யர்ஹாய் மண்ணை இறுக்கும் திமிசுக்கட்டையைத் தூக்கி இறக்கினான். தொம். அடுத்த இடிக்காகக் கட்டை இன்னும் தலைக்கு மேலே இருந்தபோதே காலடியில் இன்னொரு தொம் கேட்டது.

கட்டையை மெல்லக் கீழே வைத்தான். உச்சி வெயிலுக்கு மற்ற வில்லாளிகள் கோபுர நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் வியர்வையும் கழுதைச் சாணமும், சுவருக்கு அப்பால் பாரசீகர்கள் காய்ச்சிக்கொண்டிருந்த தாரின் காந்தலும் கலந்திருந்தன. அவன் மண்டியிட்டு, சுடும் மண்ணில் காதை வைத்தான். மூன்று தட்டு. சிறு இடைவெளி. மறுபடி மூன்று.

பாரசீகப் படை நகரத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே இறங்கி நாற்பது நாளாகிவிட்டது. சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்று தெரிந்ததும், சுவரை ஒட்டிய வீடுகளையும் கோவில்களையும் கூரை பிரித்து மண்ணால் நிரப்பி முட்டுக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மித்ரன் கோவிலும் அந்த வரிசையில்தான் இருந்தது. யர்ஹாயும் அவன் தம்பி ஹைரானும் கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மற்ற அடியார்களின் வலது கையைப் பிடித்து, பிடித்த கையை விடமாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்த இடம் அது. மண் கொட்டும் முன் உள்ளே ஆள் இருக்கிறதா பார்த்து வரும்படி யர்ஹாயைத்தான் அனுப்பினார்கள். அவன் வாசற்படி தாண்டவில்லை. காளையின் கழுத்தில் கத்தியை இறக்கும் அந்தச் சாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து மண் போட அவனுக்கு மனம் துணியவில்லை. யாருமில்லை என்று திரும்பி வந்து சொல்லிவிட்டான்.

அன்று மாலையிலிருந்து ஹைரானைக் காணோம்.

சுவரில் கயிறு கட்டி இறங்கிப் பாரசீகர்களிடம் ஓடிவிட்டான் என்று படை முழுக்கப் பேசியது. யர்ஹாயின் முகத்துக்கு நேராகவே காறித் துப்பினார்கள். அதுகூட உண்மையாக இருக்கட்டும் என்றுதான் மூன்று நாளாக வேண்டிக்கொண்டிருந்தான்.

மண்ணில் வாயை வைத்துத் தம்பியின் பெயரைச் சொன்னான். தட்டுவது நின்றது. பிறகு, கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல, அண்ணே என்று கேட்டது.

நூற்றுவர் தலைவன் ஃபுல்வியஸின் காலைப் பிடித்துக்கொண்டு, தான் உள்ளே போய்ப் பார்க்காததை முதல்முறையாக ஒப்புக்கொண்டான். சாமி மாடத்தின் செங்கல் வளைவை மட்டும் இடிக்காமல் விட்டிருந்தார்கள். அதன் கீழே ஓர் ஆள் ஒடுங்க இடம் இருக்கும் என்று கெஞ்சினான்.

ஃபுல்வியஸ் கோபப்படவில்லை. "அவனுங்க சுரங்கம் தோண்டுற சத்தம்டா அது. மூணு நாளா மண்ணுக்குள்ள எவன் மூச்சு விடுவான்? அங்க ஒரு கூடை மண்ணு வெளிய வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், உன்னையே உள்ள போட்டு இடிப்பேன்."

மறுநாள் நண்பகலில் யர்ஹாய் தோண்டினான். கூடாரத் தோழன் அப்கரிடம் அழுது, சுவர் மேல் நின்று கண்காணிக்கச் சம்மதிக்க வைத்திருந்தான். அப்கர் போகும்போது, உன் தம்பி அங்கே பாரசீகன் ஆட்டுக்கறியைத் தின்றுகொண்டிருப்பான், நீ இங்கே மண்ணைத் தின் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

இடுப்பளவு. நெஞ்சளவு. மண்வெட்டியின் சத்தம் வெளியே கேட்கும் என்று கையால் பறித்தான். நகம் பிய்ந்தது. கீழே போகப் போக மண் குளிராமல் வெதுவெதுப்பாக, உடம்புச் சூடாக இருந்தது. அவன் நிறுத்தினால் தட்டு வந்தது. அவன் பறித்தால் அடங்கியது.

வளைவின் செங்கல் தட்டுப்பட்டது. ஒன்றைப் பெயர்த்தான். உள்ளே இருட்டு. மூச்சுக் காற்று எதுவும் வெளியே வரவில்லை.

"ஹைரான்."

"கையைக் குடு அண்ணே."

தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டான். விரல்கள் வந்து அவன் உள்ளங்கையைப் பற்றின. யர்ஹாய் வாய்விட்டு அழுதான். பிடித்துக்கொள், இழுக்கிறேன், அம்மாவிடம் போகலாம் என்று என்னென்னவோ சொன்னான்.

மேலே காலடிகள். குழியின் விளிம்பில் அப்கரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எந்திரிச்சு வா. உன் தம்பி வெளிய நிக்கிறான்."

"இங்க இருக்கான். கையைப் பிடிச்சிருக்கேன்."

"பாரசீகன் தொப்பி போட்டுக்கிட்டு அகழிப் பக்கம் நிக்கிறான்டா. என் கண்ணால பார்த்தேன். உன்னைத்தான் கூப்பிடுறான், கேளு."

கேட்டது. சுவருக்கு அப்பால், வெயிலில், உடைந்த தொண்டையில் ஹைரான் கத்திக்கொண்டிருந்தான். யர்ஹாய் அண்ணே, நகரம் இன்றைக்கு விழுந்துவிடும், இறங்கி வந்துவிடு. வேறு யார் குரலும் இல்லை. அவன் குரல்தான்.

யர்ஹாய் கையை இழுத்தான்.

வரவில்லை.

அப்கர் குழிக்குள் குதித்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தான். தோள்மூட்டு நழுவியது. செங்கற்கள் சரிந்தன. முகத்தருகே ஒரு பிளவு. வெயில் உள்ளே விழுந்தது.

உள்ளே மண் இல்லை. மூன்று நாளாக அவர்கள் கொட்டிய மண்ணில் ஒரு கூடைகூட இல்லை. கோவில் மறுகோடிவரை திறந்து கிடந்தது. இரண்டு பக்கத் திண்டிலும் ஆட்கள் விருந்துக்குச் சாய்ந்திருந்தார்கள். எல்லாரையும் அவனுக்குத் தெரியும். இந்த நாற்பது நாளில் அவனே தூக்கிப் புதைத்தவர்கள். ஒவ்வொருவனும் அடுத்தவன் வலது கையைப் பிடித்திருந்தான்.

முதல் ஆள் அவன் கையைப் பிடித்திருந்தான்.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். எல்லார் வாயிலும் மண். அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தார்கள்.