அலுங்காமல் குலுங்காமல்

காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் நிறுத்தியிருந்தார் அப்பா. அவர் தையல்காரர். கண்ணை மூடிக்கொண்டுகூட ஊசியில் நூல் கோத்துவிடுவார். ஸ்பேனரைப் பிடித்தால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்.

"நூல்கண்டு, அந்தப் பதினேழாம் நம்பர எடு."

நூல்கண்டு அவருடைய மகள். வயது பத்து. எந்நேரமும் அப்பாவின் காலடியிலேயே உருண்டுகொண்டிருப்பதால் வந்த பெயர் அது.

காரைப் பழுதுபார்க்கும் பட்டறையில் விட்டால் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவோ நாளைக்கே வீட்டுக்கு வருகிறாள்.

மூன்று மாதமாக அம்மா மருத்துவமனையில் இருந்தாள். "இனிமே கொடுக்க மருந்து இல்ல. வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்," என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதன் பொருளை நூல்கண்டுக்கு யாரும் விளக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தே அவள் தெரிந்துகொண்டாள்.

கடைசியாக அம்மாவைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, ஒவ்வொரு பள்ளத்திலும் முன்பக்கம் டொக் டொக் என்று இடித்தது. ஒவ்வோர் இடிக்கும் அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா கண்ணு."

அது பொய் என்று நூல்கண்டுக்குத் தெரியும்.

அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை, அந்தக் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர் என்று எல்லாமே தேய்ந்து போயிருந்தன. விடிந்ததும் தொடங்கிய வேலை, மாலையில்தான் முடிந்தது. அப்பாவின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. கடைசி போல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார்.

புதுப் பாகங்கள் வந்த காலி அட்டைப்பெட்டிகளை நூல்கண்டு அடுக்கி வைத்தாள். ஒரு பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் இரண்டு படங்கள். சக்கரம் இல்லாமல் தூக்கி நிறுத்திய காரில் ஒருவர் போல்ட்டை இறுக்குகிறார். அந்தப் படத்தின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி. அடுத்த படத்தில் கார் தன் சக்கரங்களில் நிற்கிறது. அதற்குச் சரி என்ற குறி.

தூக்கி வைத்திருக்கும்போதே இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கார் விறைப்பாக ஓடும் என்று கீழே எழுதியிருந்தது.

சொன்னால் அப்பா இடிந்து போவார். சொல்லாவிட்டால் அம்மாவுக்கு வலிக்கும்.

ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கோட்டு தைக்கும்போது கடைசித் தையல எப்போ போடுவீங்க?"

"இது என்ன கேள்வி? முதல்ல சும்மா ஓட்டுத்தையல். ஆளு போட்டு நின்னு பார்த்தப்புறம்தான் கடைசித் தையல். தொங்கவிட்டே தைச்சு முடிச்சா, போட்டதும் அக்குள்ல இழுக்கும்."

"காரும் அப்படித்தானாம்பா." அவள் தாளை நீட்டினாள்.

அப்பா அதை வாங்கி, இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபது வருஷத்துல, போட்டுப் பார்க்காம நான் தைச்ச முதல் கோட்டு இதுதான்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நூல்கண்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

எல்லா போல்ட்டுகளையும் தளர்த்தினார்கள். சக்கரங்களை மாட்டி, தடித்த பலகைகளின் மேல் காரை இறக்கினார்கள். கார் தன் எடையில் அமர்ந்ததும், அப்பா அடியில் கையை நுழைத்து ஒவ்வொன்றாக இறுக்கினார். நூல்கண்டு டார்ச் பிடித்தாள்.

மறுநாள் பின் இருக்கையில் அம்மா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். அம்மாவிடம் கனமே இல்லை. முதல் பள்ளம் வந்தபோது நூல்கண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கார் மெல்ல இறங்கி, மெல்ல ஏறியது. அம்மா உதட்டைக் கடிக்கவில்லை.

"யாரு சரி பண்ணது?" என்று கேட்டாள் அம்மா.

"அப்பா," என்றாள் நூல்கண்டு.

"நூல்கண்டு," என்றார் அப்பா.

வீடு இருக்கும் தெருவின் முனை வந்தது.

"இப்பவே வீட்டுக்குப் போகணுமா? இன்னும் கொஞ்ச தூரம் போலாமே," என்றாள் அம்மா.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருப்பத்தில் திரும்பாமல் நேராகவே ஓட்டினார்.