வாசலில் நின்றே போட்ட கையெழுத்து

தலையணை உறை மணத்தது. ஆறு வயதுப் பிள்ளையின் தலையணையில் எண்ணெய் மணக்கும், எச்சில் மணக்கும், அது வேறு. இது பல நாள் தண்ணீர் மாற்றாத பூச்சாடியின் மணம். தவசீலன் உறையைத் திருப்பிப் பார்த்தான். மகள் காது வைத்துப் படுக்கும் இடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் கபில நிற ஈரம் இருந்தது. தொட்டான். விரலோடு நூலாக இழுபட்டு வந்தது. ஓடிப்போய்ச் சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கை கழுவினான்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அவன்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகன். ஊர் அழுக்கைப் பார்க்கத்தான் சம்பளம். ஆனால் அழுக்கைக் கண்டால் அவனுக்குக் குமட்டும். இதை ஒருவருக்கும் சொல்லாமல் பதினொரு வருடம் ஓட்டியிருந்தான்.

"வினுஷாவுக்கு எங்க காது குத்தினனீர்?" என்று மனைவியிடம் கேட்டான்.

துஷாந்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "துறைமுக ரோட்டில, அந்த டாட்டூ கடையில. நீங்கள் கந்தளாய்க்குப் போயிருந்த கிழமை. ஏன்?"

"நகைக்கடையில குத்தியிருக்கலாமே."

"அங்க உங்கட கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கண்ணாடி போட்டுக் கொழுவியிருக்கு. நீங்களே பாத்துவிட்ட இடம், பிறகென்ன பயம் எண்டு நினைச்சன்."

அந்தக் கடைக்குள் தவசீலன் காலே வைத்ததில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு போனபோது, உள்ளேயிருந்து வந்த வாடை காலைச் சாப்பாட்டைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டது. வாசலில் நின்றே படிவத்தை வாசித்தான். ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்துவதில்லையே? இல்லை சேர். நீராவி மெஷினில் கிருமி நீக்குகிறீர்கள்தானே? ஓம் சேர். எல்லாவற்றுக்கும் சரி போட்டு, மோட்டார்சைக்கிள் சீட்டில் தாளை வைத்துக் கையெழுத்து வைத்தான். பிறகு ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடித்தான், வயிறு அடங்கியது.

இந்தமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். வெளியே வெயிலில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு மட்டைப்பெட்டி ஒன்றைத் தின்றுகொண்டு நின்றன. உள்ளே மின்விசிறி மெதுவாகக் கிறீச்சிட்டுச் சுற்றியது. டெட்டோலும் வியர்வையும் பழைய இரத்தமும் கலந்த வாடைக்கு அடியில், ஒளித்துவைத்தது போல, அந்தப் பூச்சாடி மணமும் இருந்தது. சுவரில் தன் கையெழுத்தைப் பார்த்தபோது தவசீலனுக்கு வெட்கமாக இருந்தது. கடைக்காரன் நிலக்சன் துவாயைத் தலையில் போட்டு ஒரு பக்கக் காதை மூடியிருந்தான். ஏன் வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

ஊசிகள் கடதாசி உறைகளில் அழகாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு உறையிலும் ஒரு சிறிய அம்புக்குறி உண்டு. சூடான நீராவி பட்டால்தான் அது கபில நிறமாக மாறும், அதுதான் ஊசி சுத்தம் என்பதற்கு அத்தாட்சி. எல்லா அம்புக்குறிகளும் கபிலமாகவே இருந்தன. கொஞ்சம் மூச்சு வந்தது. ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.

நிறம் விரலில் ஒட்டிக்கொண்டது.

"பேனையால கீறினனீரா?"

"மெஷின் பழுதாகி ஆறு மாசம், சேர்."

"அப்ப ஊசியள்?"

"அதுக்குள்ளதான் தண்ணியில ஊறப் போடுறனான். பிறகு துடைச்சு உறையில போடுவன்."

ஆறு மாதம். நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு தடவை அந்த மெஷின் மூடியைத் திறந்திருந்தால் போதும். தவசீலன் இப்போது கையுறை மாட்டிக்கொண்டு திறந்தான். தண்ணீரின் மேல் பாலாடை போல ஒன்று சுருங்கி மிதந்தது. ஒதுக்கப் பார்த்தான், அது கிழியாமல் மடிந்து கையுறையில் படிந்தது. கீழே ஊசிகள் ஒன்றோடொன்று சிக்குப்பட்டுக் கிடந்தன. அவற்றைச் சுற்றி மயிர். நீளமான நரைமயிர்.

"ஆரிட மயிர் இது?"

"தெரியாது சேர். இங்க வாறதெல்லாம் இளம் பொடியள். நான் வழிச்சு எறிஞ்சனான். அடுத்த நாளும் கிடந்தது."

நிலக்சன் துவாயை எடுத்தான். தோடு போட்ட துளை வீங்கி மினுமினுத்தது. துளையிலிருந்து ஒரு நரைமயிர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இழுக்கக் கூடாது சேர்," என்றான் சின்னக் குரலில். "இழுத்தா அதுக்குத் தெரியுது."

லிங்கநகரில் இருந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்று தவசீலனுக்கு நினைவில்லை. வினுஷாவைக் கதிரையில் இருத்தித் தோட்டைக் கழற்றினான். துளையில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. மயிரின் நுனி.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்றாள் துஷாந்தி.

"கொஞ்சம் பொறும். நான் பாக்கிறன்."

எங்கே குத்தியது என்று டொக்டர் கேட்பார். அந்தக் கடைக்கு அனுமதி கொடுத்தது யார் என்று அடுத்ததாகக் கேட்பார். அதற்கும் மேலாக, தன் பிள்ளையின் சதைக்குள் அந்த அசிங்கம் இன்னொரு நிமிடம் இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. முள்ளு எடுக்கும் சாவணத்தால் நுனியைப் பிடித்து இழுத்தான்.

வந்தது. ஈரமாக வந்தது. விரல் நீளம். சாண் நீளம்.

"நோகுதா குஞ்சு?"

"இல்லையப்பா. கூசுது."

முழ நீளம். பூச்சாடி மணம் அறை முழுவதும் பரவியது. இன்னும் வந்தது. பிறகு நின்றது. உள்ளே எங்கேயோ இறுகியது.

மயிர் அதிர்ந்தது. அவன் இழுக்கவில்லை. மறுமுனையிலிருந்து இழுபட்டது.

சாவணம் நிலத்தில் விழுந்தது. மகளின் தோளில் வழிந்து கிடந்த மயிர் காதை நோக்கி மெல்ல நகர்ந்தது.

"அப்பா," என்றாள் வினுஷா. "தொண்டைக்குள்ள ஆரோ சாப்பிடினம்."

அவள் தொண்டை ஏறி இறங்கியது. மயிர் ஒரு விரல் அளவு உள்ளே போனது. மறுபடி ஏறி இறங்கியது.

அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது.