டெஸ் இன்னும் படுக்கவில்லை

காலியாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் டெஸ் எதையோ மடக்கிக்கொண்டிருந்தது. வயிறு புல்லில் உரச அரைவட்டம் அடித்து ஓடும், சட்டென்று பதுங்கும், இல்லாத ஒன்றை முறைக்கும், மறுபடி ஓடும். சமையலறை ஜன்னல் வழியே பார்த்த நெரிசுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆட்டு நாய், ஆடில்லாத இடத்தில் வேறென்ன செய்யும்? ஆனால் நேற்று அது குன்றின் அடிவாரத்தில் ஓடியது. இன்று கொல்லை வேலிக்குப் பக்கத்தில் ஓடியது.

வந்த நாளிலிருந்து அது ஒரு பொழுதும் படுக்கவில்லை. நின்றபடியே கண் அயரும், உடனே விழித்துக் கதவைப் பிறாண்டும். எடுத்துப்போன இரண்டு குடும்பங்களும் முடியவில்லை என்று நாய்க் காப்பகத்தில் திருப்பி விட்டுவிட்டார்கள். இன்னொரு முறை திரும்பி வந்தால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவோம் என்று காப்பகத்தார் சொல்லித்தான் நெரிசிடம் ஒப்படைத்தார்கள். துள்ளித் திரிகிற வயசு. அதனால்தான் பக்கத்துப் பண்ணை கெதினைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள்.

கெதின் வண்டியை நிறுத்தினான். அவனுடைய கிழட்டு நாய் இறங்க மறுத்து இருக்கைக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

“ஓட்டத்தப் பாரு கெதின்! ரெண்டு நாய் வேலய ஒத்தையா செய்வா. கூட்டிட்டுப் போயேன், புண்ணியமாப் போகும்,” என்றாள் நெரிஸ்.

டெஸ் முறைத்த இடத்தையே கெதின் பார்த்துக்கொண்டிருந்தான். “யாரு வளத்த நாய் இது?”

“பனியில செத்துப்போனாரே க்விலிம், அவரோடதுதான். பாவம், இதுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகல.”

“இவ விளையாடல நெரிஸ். வேல பாக்குறா.” அவன் குரல் இறங்கியது. “அவரோட மந்தை மொத்தமும் பனிக்குள்ள போச்சு. ஒரே ஒரு ஆடு பிழைச்சு என் தொழுவத்துக்கு வந்துச்சு. நான் அத சந்தையில வித்துட்டேன். ஒண்ணு குறைஞ்சாலும் இவ படுக்க மாட்டாம்மா. கொண்டாந்து சேத்துட்டுதான் படுப்பா.”

“அட நீ ஒருத்தன்! வேணாம்னா வேணாம்னு சொல்லு. எதுக்குக் கதை அளக்குற?”

அவன் வண்டியில் ஏறிவிட்டான். “கதவச் சாத்திக்கோ,” என்றான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

குளிர்காலச் சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கியது. “உனக்கொரு வீடு பாக்குறதுக்குள்ள என் உயிர் போயிடும்டி,” என்று முணுமுணுத்தபடி நெரிஸ் அடுப்பில் கரி போட்டாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரக் கம்பளியும் பழைய பனியும் கலந்த வாடை. இந்த வருஷம் இன்னும் பனியே பெய்யவில்லை. பிறகு முற்றத்துக் கல்லில் குளம்புச் சத்தம், ஒன்று, பல, வீட்டைச் சுற்றிலும். சுவரோடு சுவராக எதுவோ உரசிக்கொண்டே நகர்வது கேட்டது.

டெஸ் வெளியே இருந்தது.

கதவைத் திறக்காதே என்று உடம்பெல்லாம் சொன்னது. ஆனால் அந்தச் சின்ன உயிரை எப்படி வெளியே விடுவது? கதவைத் திறந்து இரண்டடி வைத்தாள்.

“டெஸ்! உள்ள வாடி!”

முற்றம் வெறுமையாக இருந்தது. நடுவில் டெஸ் மட்டும் நின்றது.

குன்றின் மேலிருந்து ஒரு சீழ்க்கை. நீளமாக. பழகின யாரோ அடிப்பதுபோல.

டெஸ் காதைத் தூக்கியது. குன்றைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது. மெல்ல வயிற்றைத் தரையோடு தாழ்த்தியது.

அவள் வலப்பக்கம் நகர்ந்தாள். டெஸ் அங்கே. இடப்பக்கம். அங்கேயும். கதவு அவளுக்குப் பின்னால்தான் இருந்தது, இப்போது டெசுக்குப் பின்னால்.

முழங்காலில் ஈரக் கம்பளி. சில்லென்று. இரண்டு பக்கமும். முதுகிலும்.

கண்ணுக்குத் தெரியாத ஆடுகள் நெருக்கின. நடந்தாள். வேலிக் கதவு திறந்திருந்தது. ஏற்றம். காலுக்கடியில் பனி. பிறகு முழங்கால்வரை. இடுப்புவரை.

மேலே, கோலூன்றிய ஒருவர் ஆட்டுப் பட்டியின் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் உள்ளே போகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அவள்தான் கடைசி, குறைந்திருந்த அந்த ஒன்று.

நாயைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் நிறையப் பனி.

படலைச் சாத்தினார். டெஸ் வாலை ஆட்டியபடி அவர் காலடிக்குப் போய், ஒரு சுற்றுச் சுற்றி, படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.